யாசாவில் ஒரு குறை

“இது யாசா இல்லை, மரியாமா” என்றேன்.

மேல்வீட்டு மரியாமா செனகல் நாட்டுக்காரி. யாசா அவள் நாட்டுச் சாப்பாடு. தேசிக்காய்ப் புளியில், அதாவது எலுமிச்சைச் சாற்றில் ஊறிய மீனைப் பொரித்து, ஒரு குவியல் வெங்காயத்தோடு வேகவைப்பது.

நான் யாழ்ப்பாணத்தான். ஆனாலும் லண்டனில் குட்மேய்ஸுக்குக் குடிவந்த 2002 முதல் நாலு வருஷமாக, ஞாயிறுதோறும் அவள் கொடுத்தனுப்பிய யாசாவைச் சாப்பிட்டு அதில் நிபுணன் ஆகியிருந்தேன். கூட வேலை செய்யும் யோகராஜாவுக்கு இதைப் பற்றி அடிக்கடி வகுப்பு எடுப்பேன். எங்கட சனத்துக்கு மிளகாய்த்தூளை விட்டால் வேறு ருசி தெரியாது, நாக்கைக் கொஞ்சம் உலகத்துக்குத் திறந்துவிட வேண்டும் என்பேன்.

மறுநாள் அவளுடைய ஊர்க்காரர் வீட்டில் குழந்தைக்குப் பெயர் வைக்கிறார்கள். அறுபது பேருக்கு யாசா. மரியாமாவுக்கு அதுதான் முதல் ஓர்டர். நன்றாக அமைந்தால் விடியற்காலைத் துப்புரவு ஷிப்டை விட்டுவிடலாம் என்றிருந்தாள். அதற்காக ஒத்திகை பார்த்த சட்டியைத்தான் என் மனைவி துளசியும் நானும் அவள் சமையலறையில் ருசி பார்த்துக்கொண்டிருந்தோம்.

“புளி தூக்கலாக இருக்கிறது. உறைப்பே இல்லை. அந்த நிறமும் வரவில்லை. இதைப் பரிமாறினால் உங்கள் ஆட்கள் தொடவே மாட்டார்கள்.”

மரியாமா பதறிப்போய் ஒரு கரண்டி எடுத்து ருசித்தாள். இன்னொரு கரண்டியும் ருசித்தாள்.

துளசி என் காலை மிதித்தாள். “இஞ்சருங்கோ, பேசாமல் சாப்பிடுங்கோ.”

“நீ சும்மா இரு. நாளைக்கு ஒரு மனுசியின்ர பிழைப்பெல்லே போகப்போகுது?”

மரியாமா திடீரென்று எதையோ நினைத்துக்கொண்டவளாக, பின் அடுப்பிலிருந்த சின்னச் சட்டியைத் திறந்து எனக்குக் கொஞ்சம் போட்டாள்.

ஒரு வாய் வைத்தேன். “இதுதான் அசல் யாசா. நாளைக்கு அறுபது பேருக்கும் இப்படியே செய்யுங்கள்.”

மரியாமா நெஞ்சில் கையை வைத்து மூச்சுவிட்டாள். பிறகு துளசியைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினாள். துளசி சிரிக்கவில்லை.

“முதல் தரம் அவ தந்த யாசாவை நீங்கள் ஒரு வாய் வைச்சிட்டுக் குப்பையில கொட்டினீங்கள். நல்லாயிருந்தது எண்டும் சொல்லி அனுப்பினீங்கள். கோப்பை எடுக்க வந்த இடத்தில அவ குப்பைக் கூடையைக் கண்டிட்டா. அண்டையில இருந்து உங்களுக்கு மட்டும் தனிச் சட்டி.”

மரியாமா அலுமாரியிலிருந்து ஒரு போத்தலை எடுத்து, தீரப்போகிறது என்று துளசியிடம் நீட்டினாள்.

எங்கள் வீட்டுப் போத்தல். அதன்மேல் என் கையெழுத்திலேயே ஒரு துண்டு ஒட்டியிருந்தது: ‘வறுத்த மிளகாய்த்தூள்.’