நீதிமொழிகளில் எங்கேயோ

பக்கத்து வீட்டுப் புகைபோக்கியில் புகை எழும்புவதைப் பார்த்ததும் சகின்பெக்குக்குப் பகீரென்றது.

"புருல்! இங்க வா. தாஷ்தான் அண்ணன் வீட்டு அடுப்பு எரியுது!"

"எரியட்டுமே. பச்சைக் குழந்தை இருக்கிற வீடு," என்றாள் மனைவி, தேநீர்க் கிண்ணங்களைக் கழுவியபடி.

"கரி ஏது? நேத்து சாயந்திரம், ஒரு துண்டு கூட இல்லைன்னு நம்ம வாசல்ல வந்து நின்னாரே!"

நின்றார்தான். கணவாயைப் பனி மூடிவிட்டதால் நாரின் என்ற அந்தக் கிர்கிஸ் மலையூருக்கு நிலக்கரி லாரி வரவில்லை. தாஷ்தானின் மகள் வேறு கைக்குழந்தையோடு பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள்.

"டேய் சகின், ரெண்டு வாளி கரி கொடுடா. லாரி வந்ததும் திருப்பிடறேன்," என்று கேட்டார்.

சகின்பெக்கின் கொட்டகையில் கரி கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஆனால் தாஷ்தானின் வாய் இருக்கிறதே, அது சும்மா கிடக்காது. சகின்பெக் ஞானஸ்நானம் எடுத்ததிலிருந்து, "என்னடா, தண்ணியில முக்கி எடுத்தாங்களே, அழுக்கு போச்சா?" என்று நடுத்தெருவில் கேட்காத நாளில்லை. அதெல்லாம் அந்த நேரம் பார்த்து ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது.

"போயிட்டு நாளைக்கு வாங்கண்ணே, பார்க்கலாம். குளிர்காலம் இன்னும் பாதி கிடக்கு. 'நீ உன்னைக் காத்துக்கோ, நான் உன்னைக் காப்பேன்'னு ஆண்டவரே சொல்லியிருக்காரு. எங்க வேதத்திலயே இருக்கு."

"உங்க வேதத்திலயா? எங்க?"

"நீதிமொழிகள்ல. எங்கேயோ."

தாஷ்தான் திரும்பிப் போய்விட்டார். புருல்தான் விடவில்லை.

"எந்த அதிகாரம்ங்க?"

"சபையில எழுந்து பேசுறவன் நான். எனக்குத் தெரியாதா? நீ போய் ரொட்டியைப் பாரு, கருகுது."

ரொட்டி கருகவில்லை. புருலின் முகம்தான் கருத்தது.

இப்போது ஜன்னலோரம் நின்றுகொண்டு சகின்பெக் பல்லைக் கடித்தார்.

"என்னத்தை எரிக்கிறாருன்னு எனக்குத் தெரியும். கிறிஸ்துமஸுக்கு நான் கொடுத்த வேதத்தைத்தான்! வாங்கும்போதே சொன்னாரே, 'நல்ல தடிமன், அடுப்புப் பத்தவைக்க ஆகும்'னு!"

"அது அவர் விளையாட்டுக்குச் சொன்னது."

"விளையாட்டா? எப்பவும் அவர் வீட்டு ஜன்னல் திட்டுலதானே கிடக்கும்? இப்ப எங்க? நீயே பாரு!"

புருலும் எட்டிப் பார்த்தாள். புத்தகத்தைக் காணோம்.

சகின்பெக் கம்பளித் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஊரில் பாதிப் பேருக்கு வேதம் கொடுத்தவர் அவர். அவருடைய சொந்த வேதமோ ஜிப் வைத்த தோலுறைக்குள் கசங்காமல் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போய்விட்டுப் பத்திரமாகத் திரும்பி வரும். அப்படிப்பட்டவர், வேதம் எரிவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாரா? புருல் பின்னாலேயே ஓடினாள்.

"அண்ணே! ஆண்டவரோட வார்த்தையையா அடுப்புல போட்டீங்க?"

"கத்தாதேடா. குழந்தை இப்பத்தான் கண்ணசந்துது."

தாஷ்தான் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்பருகே தரையில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி மூக்கு நுனியில் தொங்கியது.

சகின்பெக் அடுப்பின் கதவைத் திறந்தார். உள்ளே எரிந்துகொண்டிருந்தது ஒரு மேசைக் கால். செதுக்கு வேலை செய்த, குட்டையான கால். அவருக்கு அது தெரியும். அந்த வீட்டின் வட்டமேசையில் அவர் எத்தனை தடவை கறியும் ரொட்டியும் சாப்பிட்டிருக்கிறார்!

"மேசையையா உடைச்சீங்க?"

"பொய் சொல்வானேன்? முதல்ல புத்தகத்தைத்தான் எடுத்தேன். எடுத்தப்பதான் உன் வசனம் ஞாபகம் வந்துது. 'காத்துக்கோ, காப்பேன்'. எங்கப்பன் குதிரையைக் கட்டும்போதெல்லாம் சொல்வானேடா! ஆண்டவன் சொன்னான் ஆண்டவன் சொன்னான்னு நம்ம கிர்கிஸ் கிழடுங்க காலங்காலமா சொல்றது. அது உங்க வேதத்துக்குள்ள எப்ப ஏறுச்சுன்னு எனக்கு ஒரு சந்தேகம். சரி, எரிக்கிறதுக்கு முன்னாடி அதை ஒரு தடவை பார்த்துடுவோம்னு உட்கார்ந்தேன்."

"இருக்குமேண்ணே... நல்லாத் தேடினீங்களா?"

"நீதிமொழிகள் பூராவும் தேடிட்டேன். இல்லை." தாஷ்தான் கம்பளிக்கு அடியிலிருந்து புத்தகத்தை எடுத்தார். ஒரு தாள் கூடக் குறையவில்லை. "ஆனா மூணாம் அதிகாரத்துல வேற ஒண்ணு கிடைச்சுது. கையில பொருளை வச்சுக்கிட்டு, பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட 'போயிட்டு நாளைக்கு வா'ன்னு சொல்லாதேன்னு போட்டிருக்கு. அப்படியே நீ சொன்ன வார்த்தை! இந்தப் பக்கத்தைப் போய் எப்படிடா எரிக்கிறது? அதான் மேசையை உடைச்சேன்."

சகின்பெக்குக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவமானமாக இருந்தது. ஆதரவுக்கு மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவளைக் காணோம். அவர்கள் வீட்டுக் கொட்டகையிலிருந்து, வாளியில் கரி விழும் சத்தம் கேட்டது.

தாஷ்தான் புத்தகத்தை மூடி சகின்பெக்கின் கையில் வைத்தார்.

"உன் புத்தகத்துல இந்தப் பக்கம் விட்டுப்போச்சு போலிருக்கு. கொண்டுபோய்ப் படிச்சுட்டு நாளைக்குக் கொடுத்துடு. நான் இன்னும் முடிக்கலை."