சுவரோரம் வேண்டாம்

"கொட்டகை சும்மா கிடக்கு, மிஷின எதுக்குக் காட்டுக்குத் தள்ளிட்டுப் போறீக?"

யோகலட்சுமி வழியை மறித்தாள். அவள் புருசன் பெத்தணன், களையெடுக்கும் மிஷினைத் தெருவில் உருட்டிக்கொண்டிருந்தார். மக்காச்சோளம் முடிந்துவிட்டது. இனி அடுத்த மழைக்குத்தான் அதற்கு வேலை.

"மோட்டார் ரூம்ல கிடக்கட்டும்."

"வருசா வருசம் கொட்டகைச் சுவரோரந்தான நிப்பாட்டுவீக?"

"இந்த வருசம் வேண்டாம்."

அந்தச் சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது. அந்தப் பக்கம் இருளம்மாள் வீடு. புருசன் செத்து இன்னும் வருசம் திரும்பவில்லை. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, வீட்டிலேயே அட்டைப்பெட்டி ஒட்டிப் பிழைப்பதாகப் பேச்சு.

யோகலட்சுமி குரலைத் தாழ்த்தினாள். "வெந்நி அடுப்பையும் முன்வாசலுக்கு மாத்திட்டீக. பீடி குடிக்கக்கூட அங்கிட்டுப் போறதில்ல. தாலியறுத்தவ வீட்டுச் சுவருன்னு ஒதுக்குறீகளோன்னு ஊரே பேசுது. அவ காதுல விழாதா?"

"விழுந்தா விழட்டும்."

நல்ல மனுசன் என்று பேரெடுத்தவர். அந்தப் பேர் ஒரே மாதத்தில் நாறிப்போனது.

காட்டில், மோட்டார் ரூம் வாசலில் மிஷின் டேங்கைத் திறந்து பெட்ரோலை கேனில் வடித்தார். மிச்சம் தீரும்வரை இன்ஜினை ஓடவிட்டு அணைத்தார். பிளக்கைக் கழற்றி உள்ளே நாலு சொட்டு ஆயில் விட்டார். பிளேடுகளில் கிரீஸ் தடவும்போது, வரப்பில் இருளம்மாள் வேகமாக வந்தாள்.

"அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"அங்கனயே நில்லு!"

அவள் முகம் செத்துப்போயிற்று.

"நான் கிட்ட வந்தாக்கூட ஆகாதாண்ணே? அவரு இருந்தப்ப எம்புட்டுப் பாசமா இருந்தீக! மாமா ஏன் நம்ம பக்கமே வாரதில்லன்னு பிள்ளைக கேக்குது. நான் என்ன சொல்ல?"

அழுதபடி, முகத்தைத் துடைக்க முந்தானையை உதறப் போனாள்.

"உதறாத தாயி!"

பெத்தணன் கேனை இறுக மூடி உள்ளே வைத்துவிட்டு ஓடிவந்தார்.

"இங்கன இப்பத்தான் பெட்ரோல் வடிச்சேன். இன்ஜின் இன்னும் சூடா இருக்கு. உன் சேலையெல்லாம் வெடி மருந்து."

"நான் அட்டைப்பெட்டிதான்..." இருளம்மாள் முந்தானையைச் சுருட்டிப் பிடித்தாள்.

"கொடியில காயுற பிள்ளைக சட்டையிலயும் மருந்து மினுங்குது. வீட்டுக்குள்ள நீ பட்டாசு வெடி சுத்துறது எனக்கு எப்பவோ தெரியும். வெளிய சொன்னா உன்னப் பிடிச்சிட்டுப் போயிருவாக, பிள்ளைக தெருவுல நிக்கும். அதான் வாயத் தொறக்கல."

அவள் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"அடுப்பு, பீடி, பெட்ரோலு... என் பக்கத்து நெருப்பையெல்லாம் நான் நகட்டிட்டேன். உன் பக்கத்து மருந்த நீதான் தாயி நகட்டணும். அந்தச் சுவரோரந்தான பிள்ளைக படுக்குது?"