டிங்கு எழுந்திருக்க மாட்டான்

சாப்பிடாமல் இலையை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று ஜெய்சனிடம் சொல்லிவிட்டேன்.

வண்ணார்பேட்டையில் அந்த வீட்டுக்கு எதிரே வேன் நின்றது. கதவைச் சாத்திக்கொண்டு கழுத்து முதல் கால் வரை மூடுகிற பச்சை ரப்பர்ச் சட்டைக்குள் காலை விட்டுக்கொண்டிருந்தேன். கடைசி சீசன். கடைசிக் காட்சி.

யூடியூபில் ஓடுகிற நாடகம். வேறு கிரகத்துக்காரன் ஒருவன் ஒரு வீட்டுக் கொல்லையில் வந்து விழுகிறான். பெயர் டிங்கு. வீட்டுக்காரர்கள் ஊருக்குத் தெரியாமல் அவனை வைத்துச் சோறு போடுகிறார்கள். மூணு வருஷமாக ஊரே பார்த்துச் சிரிக்கிறது. அந்த டிங்கு நான்தான். உடம்பு மட்டும். குரலை வேறு ஒருவனை வைத்துப் பிறகு சேர்ப்பார்கள். அந்த வீட்டுக்குள் நான் வாயைத் திறந்ததே இல்லை.

ஜெய்சன்தான் டைரக்டர். இருபத்தாறு வயசு. அழ வைத்தால்தான் கதை முடிந்ததாக அர்த்தம் என்று யாரோ அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

“அண்ணாச்சி, இலை போட்டாச்சு, சோறு வச்சாச்சு. போலீஸ் ஜீப்பு ஹாரன் கேக்குது. ஒரு வாய்கூட வைக்காம எந்திரிச்சுப் போறீங்க. சனம் அழுதுரும்லா.”

“சனம் அழுகதுக்கு நான் எலையில இருந்து எந்திரிக்கணுமாலே? ஒங்க வீட்ல அப்படித்தான் பழக்குனாங்களா?”

“நடிப்புதான அண்ணாச்சி.”

“நடிப்பு ஒனக்கு. சோறு நெசமா வெந்த சோறுல்லா.”

அவன் தலையில் கை வைத்தான். “மூணு வருசமா அந்த வீட்ல பச்சத் தண்ணி குடிச்சதில்ல நீங்க. தூக்குச்சட்டியோட வந்து வேன்லயே தின்னீங்க. இன்னைக்கு மட்டும் என்ன?”

“இன்னைக்கு மட்டுந்தான்” என்றேன்.

நான் யாரையும் லேசில் நம்புகிறவன் இல்லை. குலசை அம்மன் கோயில் தசராவில் இருபது வருஷம் கரடி வேஷம் கட்டியவன். அங்கே பார்த்துவிட்டுத்தான் ஜெய்சன் என் ஊர் சாத்தான்குளம் வரை தேடி வந்தான். ரெண்டு தடவை விரட்டினேன். மூணாவது தடவை, யார் வீட்டில் எடுக்கப் போகிறாய் என்று கேட்டேன். சொன்னான். வருகிறேன் என்றேன்.

ஒரே கண்டிஷன். கட்டுவதும் கழற்றுவதும் வேனுக்குள். வேஷக்காரன் முகத்தை வீட்டுக்காரர்கள் பார்த்தால் அம்மனுக்கு ஆகாது என்று சொல்லி வைத்தேன். நம்பிவிட்டான். படித்த பையன்.

அது நான் அளந்த கதை. ஆனால் ஒன்று நிஜம். வேஷம் கட்டியவன் எந்த வாசலிலும் ஏறலாம். ஏறுவது வேஷம், ஆள் இல்லை.

தலையையும் மாட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

எலியேசர் வாத்தியார் வீடு அது. ரிட்டயர் ஆகி நாளாயிற்று. நாற்காலியை ஓரமாகப் போட்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரி வேஷத்துக்கு ஆள் கிடைக்காமல் அவருடைய மருமகள் கலையரசியையே ஜெய்சன் நடிக்க வைத்திருந்தான். டிங்குவைத் திட்டுகிறவளும் அவள், தோசை சுட்டு நீட்டுகிறவளும் அவள். நீட்டியதில் ஒன்றுகூட என் வாய்க்குள் போனதில்லை. காமிரா திரும்பியதும் தட்டிலேயே வைத்துவிடுவேன்.

நாளைக்கு இந்தச் சட்டையை மூட்டை கட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு இந்த வாசலில் ஏற எனக்கு வழி கிடையாது.

இலை விழுந்தது. கலையரசி சோறு வைத்தாள். அவியல், பொரியல் வைத்துச் சாம்பாரும் ஊற்றினாள்.

“நல்லாத் தின்னு டிங்கு. ஒங்க ஊர்ல எவ ஒனக்கு ஆக்கிப் போடுதா?” அது வசனம்.

வெளியே ஹாரன் அடித்தார்கள்.

நான் எழுந்திருக்கவில்லை.

மறுபடியும் அடித்தார்கள்.

வலது கை உறையைக் கழற்றினேன். ரப்பருக்குள் வெந்து வெளுத்த கிழட்டுக் கை. பனையில் இருந்து விழுந்ததில் மடங்காமல் போன சுண்டுவிரல். டம்ளர்த் தண்ணீரில் கையை நனைத்தேன்.

“அண்ணாச்சி, கை தெரியுது! டிங்குவுக்கு மனுசக் கை கெடையாது!”

பிசைந்தேன். ரப்பர் வாய்க்கு நாலு விரல் இடைவெளிதான் விட்டிருந்தார்கள். முதல் கவளத்தில் பாதி ரப்பரோடு ஒட்டியது, பாதி உள்ளே போனது. உப்பு கொஞ்சம் தூக்கல். ரெண்டாவது கவளம் சரியாகப் போனது.

“என்ன கூத்துவே இது?” என்று வாத்தியார் நாற்காலியை விட்டு எழுந்தார். அவருக்காக இன்றைக்கு எழுந்திருப்பதாக இல்லை. சாம்பார்ச் சோற்றை முடித்தேன்.

மிச்சச் சோற்றின் நடுவில் குழி செய்துவிட்டுக் காத்திருந்தேன்.

கலையரசி ரசச் சட்டியோடு வந்து நின்றாள். என் கையையே பார்த்தாள்.

அவள் கேட்டது வசனத்தில் இல்லை.

“யப்பா, ரசம் ஊத்தட்டா?”

பதினோரு வருஷத்துக்கு முன்னால், இதே வீட்டில், இவளுடைய மறுவீட்டு விருந்தில், சம்பந்தி வாத்தியார் சொன்ன ஒரு சொல்லுக்காக, இனி இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனவன் நான். இவள் அன்றைக்கும் ரசத்தோடுதான் நின்றிருந்தாள்.

“ஊத்து” என்றேன்.