ரத்னம்மா அழுத காட்சி

“ஒரே வாரம், உங்க அம்மாவ மெட்ராசுக்கு அனுப்புங்க,” என்றார் சினிமா கம்பெனியின் உதவி டைரக்டர் தணிகாசலம். “யுத்தமே வேணாம்னு சொல்ற படம் ஒண்ணு இந்த ஊர்ல எடுத்தோமே, அதுல அவங்க அழுவுறதப் பாத்து கொட்டகையே அழுவுது. அடுத்த படத்துல பெரிய வேஷம்.”

“முடியாது.” யசோதா அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

“உங்க புத்தூருதான் ஆந்திராவுக்குப் போயிடுச்சு, அழுகையாவது எங்களுக்குக் குடுங்க,” என்று சிரித்தார். “பி.ஏ. படிச்ச பொண்ணு, நடிப்பக் கேவலமா நெனைக்கலாமா?”

“எங்கம்மா நடிச்சுதுன்னு யாரு சொன்னது?” யசோதா வெடித்தாள். “பொணமா படுக்கிறவங்களுக்கு மிலிட்டரி சட்டை பத்தலன்னு வீடு வீடா கேட்டீங்க. எங்க அண்ணன் பர்மா சண்டையில செத்தான்னு தந்திதான் வந்துது, உடம்பு வரல. லீவுல வந்தப்ப அவன் உட்டுட்டுப் போன சட்டைய, அம்மாவுக்குத் தெரியாம நான்தான் குடுத்தேன். கழனியிலருந்து வந்துகினு இருந்த அம்மா, அந்தச் சட்டையோட ஒருத்தன் குப்புறக் கெடக்கிறதப் பாத்துட்டு ஓடியாந்து விழுந்துச்சு. நீங்க காமிராவ நிறுத்தல.”

தணிகாசலம் கைகூப்பினார். “கூலிக்கு வந்தவங்கன்னு நெனச்சோம்மா... மன்னிப்புக் கேக்கணும், கூப்பிடுங்க.”

“வேணாம். போயிடுங்க.”

அதற்குள் ஈரக்கையோடு ரத்னம்மா வெளியே வந்துவிட்டாள். அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“வா தம்பி. அன்னிக்கி நீ தட்டுனதும் எம்புள்ள எழுந்து உங்க வண்டியில ஏறிப் போனானே, அவனுக்கும் சேத்துதான் தெனம் ஒலை வெக்கிறேன். எப்பப்பா அனுப்புவ?”