ஏழு நிமிடத் தாமதம்

விசில் உதட்டில்தான் இருந்தது. ஊதத்தான் முடியவில்லை.

மணி ஆறு ஐந்து. வண்டி கிளம்ப வேண்டிய நேரம்.

அவன் பின்படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தான். நாலு மாத விடுப்புக்குப் பிறகு நேற்றுதான் கண்டக்டர் பையை மறுபடி தோளில் மாட்டினான். மாலையில் டவுனிலிருந்து இந்த மலையடிவாரக் கிராமம் வரை நன்றாகத்தான் வந்தான். கடைசி டிரிப் என்பதால் வண்டியும் அவனும் டிரைவரும் ராத்தங்கல் இங்கேயே.

காலைதான் அவனுக்கு எப்போதும் மோசம்.

கண் விழித்ததும் ஒரு பாரம் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஏன் என்று கேட்டால் காரணம் கிடையாது. கை இருக்கும், கால் இருக்கும், அதை அசைக்கிற ஆள் மட்டும் இருக்கமாட்டான். மாத்திரை தொடங்கிய பிறகு எவ்வளவோ தேவலை. நடுவில் இப்படியும் சில காலைகள் வரும் என்று டாக்டர் சொல்லித்தான் இருந்தார்.

அது இன்றைக்கா வரவேண்டும்?

இறங்கிவிடலாம் என்று தோன்றியது. இன்று இறங்கினால் இனி ஏறமாட்டான் என்பதும் தெரிந்தது.

கண்டக்டர் இரண்டு விசில் கொடுக்காமல் வண்டி நகராது. டிரைவர் சேர்மத்துரைக்கு அது வேதவாக்கு. இருபத்தாறு வருட சர்வீசில் ஒருநாளும் தானாக எடுத்தவரில்லை.

பூக்கூடைகளோடு ஏறியிருந்த பெண்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள்.

கண்ணாடியில் சேர்மத்துரையின் கண்கள் தெரிந்தன. அவனைப் பார்த்தன. கொஞ்ச நேரம் பார்த்தன.

டிப்போவில் எல்லோரிடமும் அவனுக்கு மஞ்சள் காமாலை என்றுதான் சொல்லியிருந்தது. அவன் மனைவி வேலம்மாள் கட்டிவிட்ட கதை. நல்ல மனுஷர்கள், ஆளாளுக்குக் கீழாநெல்லி பறித்துக்கொண்டு வந்தார்கள். சொன்ன பொய்க்காக அவளே அதை அரைத்து, அவளே குடித்துத் தீர்த்தாள்.

சேர்மத்துரையும் ஒருநாள் வந்தார். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவன் பக்கத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்தார். அவன் கண்ணில் மஞ்சள் இல்லை என்பதைப் பார்த்திருப்பார். ஒன்றும் கேட்கவில்லை. கீழாநெல்லியும் கொண்டுவரவில்லை.

எஞ்சின் நின்றது.

சேர்மத்துரை இறங்கினார்.

"வண்டி சூடாயிட்டு. தண்ணி ஊத்தணும். செத்த பொறுங்க."

குடத்தை எடுத்துக்கொண்டு அடிபம்புக்கு நடந்தார். மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிற நடை. ஒரு அடி அடிப்பார். நிமிர்ந்து மலையைப் பார்ப்பார். மறுபடி ஒரு அடி.

"ஏ டிரைவரு, சந்த கலஞ்ச பொறவா கொண்டுபோய்ச் சேப்பீரு?" ஒரு பூக்காரம்மா கத்தினாள். இன்னொருத்தி அவர் பரம்பரையையே இழுத்தாள். யார் எது சொன்னாலும் ஒரு வார்த்தை எதிர்ப்பேச்சு பேசாதவர்போல் பம்பையே அடித்துக்கொண்டிருந்தார். உண்மையில் அவர் மகா கோபக்காரர்.

குடம் நிறைந்தது. ரேடியேட்டரில் ஊற்றினார்.

ஊற்றிய தண்ணீர் அவ்வளவும் தரையில் வழிந்தது. உள்ளே ஏற்கெனவே நிறைந்திருந்தது.

படியிலிருந்து எட்டிப் பார்த்த அவன் ஒருவன்தான் அதைக் கண்டான்.

அவர் இரண்டாவது குடத்துக்குப் போனார்.

அவனுக்கு அழுகை வந்தது. நாலு மாதமாக வா வா என்றாலும் வராத அழுகை. தனக்காக ஒரு மனிதர் ஊர்ப்பட்ட ஏச்சையும் வாங்கிக்கொண்டு, நிறைந்த ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். இந்த நன்றியை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. முகத்தைத் துடைத்தான். மூச்சு கொஞ்சம் உள்ளே போயிற்று.

சேர்மத்துரை ஏறி உட்கார்ந்தார். எஞ்சினைப் போட்டார். காத்திருந்தார்.

ஒரு விசில்.

இன்னொன்று.

வண்டி நகர்ந்தது.

டவுன் பஸ் நிலையத்தில் டைம் கீப்பர் பால்வண்ணம் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு நிமிடம் லேட். பேனாவைத் திறந்தார்.

"வண்டி சூடாயிட்டு சார். அங்கனயே கெளம்ப லேட்டாயிட்டு" என்றார் சேர்மத்துரை.

"ராத்திரி பூரா நின்ன வண்டி. காலைல மொத டிரிப்பு. கெளம்பாமலே எப்படிவே சூடாவும்?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துச் சேர்மத்துரைக்குப் பழக்கமில்லை. பச்சைத் தண்ணீர்போல் குளிர்ந்துகிடந்த எஞ்சினை அவர் அப்போதுதான் நினைத்துப் பார்த்தார். இருபத்தாறு வருட சர்வீசில் முதல் மெமோ வாங்கப்போகிறார்.

அவன் சன்னலுக்கு அருகே போனான்.

"வண்டியில ஒண்ணுமில்ல சார். எனக்குத்தான் முடியல. எனக்கு வந்தது காமாலயுமில்ல. மனசுக்கு மருந்து சாப்பிடுதேன். அண்ணாச்சி எனக்காவத்தான் நிறுத்துனாரு."

சொல்லிவிட்டான். ஒன்றும் ஆகவில்லை. பஸ் நிலையம் பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது.

சேர்மத்துரை தலையைத் திருப்பிக்கொண்டார். தோள் துண்டால் கண்ணை அழுத்தினார்.

பால்வண்ணத்தின் பேனா நின்றுவிட்டது. காரணம் எழுத வேண்டிய கட்டத்தை அவர் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வெளியே வேறு யாரும் நிற்கிறார்களா என்று பார்த்தார். சன்னல் கம்பிக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்தார்.

"எந்த டாக்டரு?"

குரலே இல்லை. வெறும் காற்று.

யாருக்கு என்று அவன் கேட்கவில்லை. பெயரைச் சொன்னான். இடத்தைச் சொன்னான். அவர் ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டார். சீட்டை நாலாக மடித்துச் சட்டையின் உள்பையில் வைத்துக்கொண்டார்.

"செவ்வாக்கிழம எனக்கு வார லீவு சார். மொத நாளு தனியா போவாண்டாம். நானும் வாரேன்."