கர்னலின் கையெழுத்து

“நாலாயிரம் மீட்டர் உயரத்துல இந்த எஞ்சின் மூச்சுத் திணறுது. தகுதிச் சான்றுல கையெழுத்துப் போட மாட்டேன்,” என்றார் சோதனை விமானி கர்னல் கிஸ்பெர்ட்.

அமைச்சர் அந்தேலோ சிரித்தார். “ஜனாதிபதியோட மச்சான் விக்கிற விமானம், கர்னல். திணறினா திணறட்டும்! உங்க பொண்ணு நைராவும் விமானிதானே? என்கிட்ட ஒண்ணு கேட்டிருக்கா. நீங்க போட்டா கிடைக்கும். போடலன்னா அவளுக்கு எல்லைக் காடுதான்.”

தலைநகருக்கு மாற்றல் கேட்டிருப்பாள் என்று கர்னல் நினைத்தார். கையெழுத்திட்டார்.

மறுவாரம் மலை மேலிருந்த விமானத்தளத்தில், ஊர் வழக்கப்படி ஆசி வேண்டி, பூசாரி புது விமானத்தின் மூக்கில் பீர் தெளித்து, கோகா இலை தூவினார். விமானி உடையில் ஏணியேறிய நைரா திரும்பிக் கத்தினாள்.

“அப்பா! கேட்டபடியே முதல் பறப்பை எனக்குக் குடுத்துட்டாரு அமைச்சர்!”

“வேண்டாம்மா! இறங்கு!”

“எதுக்குப் பயம்? நல்லாயிருக்குன்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க!”

சிரித்தபடியே கண்ணாடி மூடியை இழுத்துச் சாத்தினாள்.