நாலும் ஒரே அளவு

"வட்டம் கோணலா இருக்கு. வேற வெட்டுங்க" என்றார் விசாரணைக்கு வந்திருந்த அதிகாரி அம்மாள்.

மெக்கானிக்கின் காது வரை சூடேறியது. பத்தொன்பது வருஷமாக நிஜ வண்டிகளுக்குச் சக்கரம் மாட்டியவன் கையில் கத்தரிக்கோலும் அட்டையும் கொடுத்து, காகித வேனுக்குச் சக்கரம் செய்யச் சொன்னால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது?

அந்த வேனை அதிகாரியே வெள்ளைத் தாளை மடித்து ஒட்டிக் கொண்டுவந்திருந்தார். விபத்து எப்படி நடந்தது என்று கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டுமாம். புரிந்து கிழித்தார் என்று நினைத்துக்கொண்டான்.

எட்டு நாளைக்கு முன்னால், கம்பெனி வேனின் இடது பின் சக்கரம் ஏரிக்கரைச் சாலையில் கழன்று உருண்டு தண்ணீருக்குள் போய்விட்டது. எவ்வளவு தேடியும் அகப்படவில்லை. வேனை ஓட்டிப்போனது மெக்கானிக்கின் தங்கை புருஷன்; அவனுக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை. தங்கை இவன் முகத்தைப் பார்த்தே பேசுவதில்லை.

"இவன் ஒழுங்கா மாட்டல, அவ்வளவுதான் மேடம்" என்றார் மேனேஜர், எதிர் நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு. "நான் அன்னைக்கு லீவு. வண்டியைக் கண்ணால கூடப் பார்க்கல."

"பொய் சொல்லாதீங்க சார். லீவுன்னு எழுதிக் குடுத்துட்டு வொர்க்‌ஷாப்ல வந்து நின்னது யாரு? நீங்க எடுத்துக் குடுத்ததைத்தானே மாட்டினேன்."

"பார்த்தீங்களா, பழியை என் தலையில கட்டப் பார்க்கிறான்."

"ரெண்டு பேரும் சும்மா இருங்க" என்றார் அதிகாரி. மெக்கானிக் எழுதிக் கொடுத்த நாலு பக்க வாக்குமூலம் அவருடைய கைப்பைக்குள் இருந்தது. அவர் அதை யாரிடமும் காட்டவில்லை. அவராவது படித்தாரா என்று மெக்கானிக்குக்குச் சந்தேகம்.

தண்ணீர் பாட்டில் மூடியை அட்டையில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்தான். வெட்டி, இரண்டிரண்டு வட்டமாகச் சேர்த்து ஒட்டித் தடிமனாக்கி, நடுவில் துளை போட்டான். வயிறு எரிந்துகொண்டிருந்தாலும் கைவேலை சுத்தமாகத்தான் வந்தது. மூன்று சக்கரம் முடிந்தது. நாலாவதுக்கு மூடியைத் தள்ளி வைத்துவிட்டு, வெறும் கையால் சின்னதாக ஒரு வட்டம் போட்டான்.

"என்ன பண்றீங்க?"

"மேடம், பின்னால வர்ற இந்தச் சக்கரம்..."

"விளக்கம் கேட்டேனா? அதே மூடியை வெச்சு வரைங்க. நாலும் ஒரே அளவா இருக்கணும்."

மேனேஜர் சிரித்தார். இந்த அம்மாவையும் கைக்குள் போட்டுக்கொண்டார் என்று மெக்கானிக்குக்குப் புரிந்துபோயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு நாலாவதையும் மூடி அளவுக்கே வெட்டினான். ஸ்ட்ராவை அச்சாகச் செருகிச் சக்கரங்களை மாட்டி, வேனை எரிச்சலோடு ஒரு தள்ளு தள்ளினான்.

அது கொஞ்சமும் ஆடாமல் மேஜையைக் கடந்து நேராக மேனேஜர் முன்னால் போய் நின்றது.

"நல்லாத்தானே ஓடுது?" என்றார் அதிகாரி. "இவர் வேலையில குறை சொல்ல ஒண்ணும் இல்லையே சார். சக்கரம் தானாத்தான் கழண்டிருக்கும்னு எழுதி முடிச்சிடவா?"

மேனேஜரின் கால் ஆட்டம் நின்றது. மெக்கானிக் தப்பித்துக்கொள்வான் என்றதும் அவருக்குக் கோபம் தலைக்கேறியது. காகித வேனை வெடுக்கென்று எடுத்து, இடது பின் சக்கரத்தைப் பிய்த்து மேஜையில் அடித்தார்.

"நாலும் ஒரே அளவுல செஞ்சா ஓடாம என்ன பண்ணும்? இங்க மாட்டினது சின்ன வண்டியோட ஸ்டெப்னி மேடம். பழைய ஸ்டெப்னி. நாலு நட்டுல ஒண்ணு ஏறவே இல்ல. அதோட வண்டியை அனுப்பி வெச்ச முட்டாள் இவன். இவனைப் போயி விடுறீங்களே."

அதிகாரி நிதானமாக அதை வரி விடாமல் எழுதிக்கொண்டார். பிறகு நிமிர்ந்தார்.

"ஏரிக்குள்ள போன சக்கரத்தை நீங்க எப்ப சார் பார்த்தீங்க?"